பம்பரம் மாமாவின் அசாயி கிண்ணம்

என் அக்கா புருஷனுக்குக் காலில் சக்கரம். ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுதுபார்க்கிற மெக்கானிக் அவர். ஒரு வீட்டில் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டுக்காரரிடம் போனில் "இதோ கிளம்பிட்டேன்" என்பார். பேப்பரை நடந்துகொண்டே படிப்பார், சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அவர் மாமா. கோபம் வந்தால் மட்டும் நானும் பம்பரம் என்பேன், அதையும் அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்வேன்.

கோபம் எனக்குச் சுலபமாக வரும். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறேன். ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, என் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே அலுத்தவள். அப்படிப்பட்ட நான் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டி வந்தது அக்காவுக்காகத்தான்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சை வேண்டாம், கதிர் சிகிச்சையிலேயே சரியாகிவிடும் என்றார்கள். பாதி முடிந்தபோது கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. அக்காவும் சுருங்கியிருந்தாள். வாயெல்லாம் புண். சூடு ஆகாது, காரம் ஆகாது, கரகரவென்று எதுவும் ஆகாது. தண்ணீரோ சட்டென்று ஓடி இறங்கிப் புரையேறும். தபால் ஆபீஸில் நாள் முழுக்க நின்று கடிதங்களைப் பிரித்துப்போடுகிறவள், மதியச் சாப்பாட்டை அரை நொடியில் முடித்துவிட்டு என் தட்டில் கை வைக்கிறவள், இப்போது ஒரு வாய் உருளைக்கிழங்கு மசியலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் காலை வகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் அவளோடு இருந்தேன். இரவும் அங்கேயே.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இப்படியே இறங்கிட்டுப் போனா அடுத்த செவ்வாய்க்கு மூக்கு வழியா குழாய் போட்டுடலாம். அதுல சத்து நேரா வயித்துக்குப் போயிடும். பயப்பட ஒண்ணுமில்லை, புண் ஆறினதும் எடுத்துடுவோம்."

பயப்பட ஒன்றுமில்லை என்பது அவருக்கு. எங்கள் அம்மா கடைசியில் அந்தக் குழாயோடுதான் இருந்தாள். குழாய் போட்ட நாளிலிருந்து அம்மா எங்களோடு சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை, திரும்ப வரவேயில்லை. அம்மாவுக்கு வந்தது வேறு நோய், இது வேறு, இது தற்காலிகம் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற கொஞ்சம் குரலில், "குழாய் மட்டும் வேண்டாம்டி" என்றாள். மாமா கேட்டும் கேட்காத மாதிரி லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தான் அது.

கீழ்த்தளத்தில் ஒரு ஜூஸ் கடை உண்டு. அக்காவை அங்கே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மருந்து வாங்க வரிசையில் நின்றேன். மாமா நிலவறை பார்க்கிங்கிலிருந்து வேனை எடுக்கப் போனார். அங்கே யாரோ குறுக்கே நிறுத்திவிட்டதால் வெகுநேரம் மாட்டிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பி வந்தபோது அக்காவுக்கு முன்னால் ஒரு காலிக் கிண்ணம் இருந்தது. அவள் உதடு ஊதா நிறத்தில் இருந்தது. மை பாட்டிலைக் குடித்துவிட்டாளோ என்று ஒரு கணம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நல்லா இருந்துச்சு" என்றாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் ஒன்றை முழுக்கச் சாப்பிட்டிருந்தாள்.

மாமா கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், கவுண்டருக்கு ஓடினார். அது அசாயி கிண்ணமாம். அசாயி என்றால் எங்கோ தூர தேசத்தில் பனை மாதிரியான மரத்தில் குலை குலையாகக் காய்க்கிற சின்னக் கருநீலப் பழம். நம் கைக்குப் பழமாக வராது. அரைத்து, உறையவைத்து, தட்டைப் பாக்கெட்டில்தான் வரும். கடையில் இருந்த பெண் நல்ல பெண். வீட்டில் செய்வது ரொம்பச் சுலபம் என்றாள்.

"பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் வெளிய வச்சு உடைச்சுக்கணும். வாழைப்பழத்தை முந்தின நாளே வெட்டி ஃப்ரீஸர்ல வச்சிடுங்க. ரெண்டையும் மிக்சில போட்டு, பால் ரொம்பக் கொஞ்சமா. சுத்தலைன்னா நிறுத்திட்டுக் கரண்டியால கிளறிவிடுங்க, திரும்பப் போடுங்க. அவசரப்பட்டுப் பாலை ஊத்திடாதீங்க சார். கரண்டியை நட்டா நிக்கணும், அதான் கணக்கு."

அவசரப்படாதீர்கள் என்று யாரிடம் சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

வரும் வழியிலேயே குளிர்ப்பதன உணவுகள் விற்கிற கடையில் ஒரு பெட்டி அசாயி பாக்கெட் வாங்கியாயிற்று. வாழைப்பழம் வாங்கி, ஃப்ரீஸரில் வைத்து, அது உறைவதற்குள் மாமா ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். திறந்தால் குளிர் போய்விடும் என்று ஊரிலுள்ள வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர். கடைசியில் பொறுக்க முடியாமல் பாதி உறைந்த பழத்தையே எடுத்து மிக்சியில் போட்டார். பிளேடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் பால் ஊற்றினார். இன்னொரு சுற்று. இன்னும் பால்.

"மாமா, நிறுத்திட்டுக் கிளறச் சொன்னா அந்தப் பொண்ணு."

"ஓடுது பாரு, ஓடுது பாரு."

ஓடத்தான் செய்தது. ஊதா நிறத்தில் ஒரு சொம்புப் பால் கிடைத்தது. அக்கா முதல் மடக்கிலேயே புரையேறி, இருமி, இருமலில் கண் சிவந்து, கையை ஆட்டி வேண்டாம் என்றாள். மாமா அவள் முதுகைத் தடவிக்கொண்டே மிச்சத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "இன்னொரு வாய் முயற்சி பண்றியாம்மா?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் வேலையிலிருந்து நடுவில் ஓடி வந்தார். வாழைப்பழம் இப்போது நன்றாக உறைந்திருந்தது. போனில் எங்கிருந்தோ ஒரு படத்தைப் பிடித்துவைத்திருந்தார். கிண்ணத்தின் மேல் ஓட்ஸ் வறுவல், உடைத்த பாதாம், தேங்காய்ச் சீவல், எல்லாம் வரிசை வரிசையாக. அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே அடுக்கினார். கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. அக்காவும் ஆசையாகக் கரண்டியை எடுத்தாள். ஒரு பாதாம் துண்டு புண்ணில் குத்தியதும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். குழாயடியில் அவள் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா ஒவ்வொரு ஓட்ஸாகப் பொறுக்கி எடுத்தார். பொறுக்கி முடிப்பதற்குள் கிண்ணம் உருகிவிட்டது.

"மேலே போடறது அழகுக்கு மாமா. அவளுக்கு எதுக்கு அழகு?" என்றேன்.

"படத்துல இருந்துச்சே" என்றார். அவ்வளவு பாவமாகச் சொன்னார், திட்ட வாய் வரவில்லை.

வியாழக்கிழமை என் சொல்படி ஒன்றும் தூவாமல் செய்தார். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் சொன்னபடி வழவழப்பான வேர்க்கடலை வெண்ணெய் ஒரு கரண்டி உள்ளேயே சேர்த்து அரைத்திருந்தார், சத்துக்கு. கெட்டியாக, வழுவழுப்பாக, கரண்டி நின்றது. அக்கா மூன்று வாய் சாப்பிட்டாள். மாமா அவளுக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கரண்டி கிண்ணத்துக்குப் போனால் அவர் கண் கிண்ணத்துக்குப் போகும். கரண்டி வாய்க்குப் போனால் கண்ணும் வாய்க்குப் போகும். அவள் விழுங்கும்போது இவர் தொண்டையும் ஏறி இறங்கும்.

"எப்படி இருக்கு?"

அக்கா தலையாட்டினாள்.

"வலிக்குதா?"

இல்லை என்று ஆட்டினாள்.

"அப்ப இன்னொரு வாய். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் எவ்வளவோ ஏத்தணும்."

அக்கா நாலாவது வாயை எடுத்து, அப்படியே கிண்ணத்தில் திரும்ப வைத்துவிட்டாள். "உருகிடுச்சுங்க" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். உருகின மாதிரி எனக்குத் தெரியவில்லை. சரி, அவளுக்கல்லவா தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு சொல் போதும் அவருக்கு. வெள்ளிக்கிழமை நான் வகுப்பு முடிந்து வந்தபோது ஃப்ரிட்ஜ் சுவரிலிருந்து நகர்ந்து சமையலறை நடுவில் நின்றது. பின்பக்கத் தகடு தரையில் கிடந்தது. மாமா முழங்காலிட்டுத் தலையை உள்ளே விட்டிருந்தார். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அக்கா மெதுவாகச் சாப்பிடுகிறாள், அதற்குள் உருகிவிடுகிறது. ஆகவே ஆரம்பத்திலேயே இன்னும் அதிகக் குளிராக இருந்தால் கடைசி வாய் வரைக்கும் நிற்கும். அதற்காகத் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிட்டார். போதும், நில் என்று மெஷினுக்குச் சொல்கிற பாகம் அதுதான். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவரிடம் அந்தப் பாகம் கிடையாது, இப்போது ஃப்ரிட்ஜிடமும் இல்லாமல் போயிற்று.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் மூச்சு விடாமல் ஓடியது. காலையில் பால் பாட்டில் விரிசல் விட்டிருந்தது, முட்டைகள் வெடித்திருந்தன. அசாயி பாக்கெட்டை மாமா மேசை விளிம்பில் தட்டினார். மேசைதான் சில்லு பெயர்ந்தது. சுத்தியலை எடுத்துவந்து ஒரு துணியில் சுற்றி உடைத்தார். நான் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் மிக்சியில் போட்டு ஓட்டியும்விட்டார். பிளேடு கல்லில் மாட்டிய மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு முனகல், பிறகு ரப்பர் எரிகிற நாற்றம். சமையலறை முழுக்கப் புகை. அக்கா படுக்கையறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படு. இதோ பத்து நிமிஷத்துல புது மிக்சி" என்று சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. படி இறங்குகிற சத்தம் இரண்டு இரண்டு படியாகக் கேட்டது.

நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தேன். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு நைட்டிக்கு மேலே தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கிறது, இந்த வீட்டில் ஒரு கிண்ணம் ஒழுங்காக உள்ளே போகவில்லை.

"அன்னிக்குக் கடையில மட்டும் எப்படிக்கா முழுசா சாப்பிட்டே?" என்றேன். "இவர் வியாழக்கிழமை செஞ்சது அதே மாதிரிதானே இருந்துச்சு? நான் வழிச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பேசுவது அவளுக்கு வலி. என்னைக் கிட்டே வரச்சொல்லி மெல்லச் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க யாரும் இல்லை."

"அப்படின்னா?"

"தனியா இருந்தேன். நிதானமா சாப்பிட்டேன். விழுங்க முடியாதப்ப வாயிலேயே வச்சிருந்தேன். யாரும் என்னையே பார்க்கலை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இங்க அவர் கண்ணு கரண்டியோடவே வருது. நான் முழுங்கலைன்னா அவர் உயிரே போயிடும் போல நிக்கிறாரு. எனக்கு என் தொண்டையைப் பார்த்துக்கவே தெம்பு இல்லை. அவர் முகத்தையும் சேர்த்துப் பார்த்துக்க வேண்டியிருக்கு. அடைச்சுக்குது."

"இதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? எனக்காகத்தானே ஓடறாரு. அதான் உருகிடுச்சுன்னேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மனம் நோகக் கூடாதென்று இவள் ஒரு பொய் சொல்ல, அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜையே குடைந்துவிட்டார்.

மாமா புது மிக்சியும் புதுப் பால் பாட்டிலுமாக வந்தார். பெட்டியை வாயால் கடித்துக் கிழிக்கிற அவசரம். நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். உட்காருங்க."

"நின்னாலும் காது கேக்கும். சொல்லு, டிரைவரம்மா."

"அன்னிக்கு அக்கா கடையில முழுசா சாப்பிட்டது எதனாலன்னு தெரியுமா?"

"கெட்டி. அப்புறம் குளிர். அந்தக் கடையோட மெஷின்..."

"நீங்க இல்லாததனால."

அட்டைப்பெட்டி அவர் கையில் அப்படியே நின்றது. இதமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் கதவைச் சாத்தினேன். ஆனால் என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. அவள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கண், கரண்டி, அடைத்துக்கொள்வது, உருகிவிட்டது என்று சொன்ன பொய், எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிப்போயிற்று. பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அவளே சொன்னாளா?" என்றார்.

"ஆமா."

"நான் நின்னு பார்க்கிறதுனாலயா?"

"ஆமா மாமா."

பெட்டியை மேடையில் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு அக்காவைத் தாண்டி, அவளைப் பார்க்காமலே, வாசலுக்குப் போய் இறங்கிவிட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு படியாக.

நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். வேனில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கை ஸ்டியரிங் மேல் இருந்தது. அவர் போன் மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது, எந்தெந்த வீட்டு ஃப்ரிட்ஜோ.

"எங்க போயிட்டாரு?" என்றாள் அக்கா.

"கீழ வண்டியில உட்கார்ந்திருக்காரு."

"உட்கார்ந்தா இருக்காரு?" அக்கா பதறிப்போனாள். "உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா பாருடி."

"சும்மாதான் உட்கார்ந்திருக்காரு. இருக்கட்டும் விடு" என்றேன். அந்த மனிதரை இத்தனை நாள் பிரேக் போடச் சொல்லிக் கத்தியவள் நான். உண்மையிலேயே நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை. வெயில் ஏறும் வரைக்கும் அவர் அசையவில்லை. நான் இரண்டு தடவை கீழே போகலாமென்று செருப்பை மாட்டி, இரண்டு தடவையும் கழற்றினேன்.

அவர் மேலே வந்தபோது கண் சிவந்திருந்தது. முதலில் ஃப்ரிட்ஜின் பின்னால் போய்த் தெர்மோஸ்டாட்டைப் பழையபடி இணைத்தார். தகட்டை மூடித் திருகாணிகளை முடுக்கினார். ஃப்ரிட்ஜைச் சுவரோரம் தள்ளினார். பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்து மேடையில் வைத்தார். கொஞ்சம் யோசித்து இன்னும் இரண்டை எடுத்து வைத்தார்.

"எவ்வளவு நேரம் வெளிய வைக்கணும்?" என்றார் என்னிடம்.

"கொஞ்ச நேரம்னு சொன்னா."

"கொஞ்ச நேரம்னா?"

"கொஞ்ச நேரம்னா கொஞ்ச நேரம்தான் மாமா. அழுத்திப் பார்த்தா தெரியும்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்தப் பாக்கெட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். வலது முழங்கால் ஆடியது. அதைக் கையால் பிடித்தார், இடது முழங்கால் ஆடியது. ஒரு தடவை எழுந்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். பாக்கெட்டின் மேல் வெண்ணிறப் பனி படர்ந்து, பிறகு ஈரமாகி, துளித்துளியாக மேடையில் இறங்கியது. அழுத்திப் பார்த்தார். விளிம்பு அமுங்கியது, நடு அமுங்கவில்லை. மறுபடியும் காத்திருந்தார். எனக்கே அவர்மேல் இரக்கமாக இருந்தது. மூன்று காலிக் கிண்ணங்களை எடுத்து ஃப்ரீஸரில் வைத்தேன், கிண்ணம் குளிர்ந்திருந்தால் சீக்கிரம் உருகாது என்று. மெக்கானிக்குக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கேட்க வாய் வந்தது. அன்றைக்குப் பேசினது போதும் என்று மூடிக்கொண்டேன்.

பாக்கெட் தயாரானதும் கையாலேயே உடைத்தார். உறைந்த வாழைப்பழம், வேர்க்கடலை வெண்ணெய், ஒரே ஒரு கரண்டிப் பால். மிக்சி திணறியது. அவர் கை பால் பக்கம் போனது, போன கையை இழுத்துக்கொண்டார். நிறுத்தினார், கிளறினார், ஓட்டினார். நிறுத்தினார், கிளறினார், ஓட்டினார். கடைசியில் உள்ளே எல்லாம் ஒன்றாகி, நடுவில் குழி விழுந்து, மெதுவாகக் கெட்டியாகச் சுழன்றது. மூன்று கிண்ணத்தில் வழித்துப் போட்டார். மேலே ஒன்றுமில்லை.

மூன்றையும் மேசைக்குக் கொண்டுவந்தார். ஒன்றை அக்காவுக்கு முன்னால் வைத்தார், ஒன்றை எனக்குத் தள்ளினார், தன்னுடையதை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மாமா ஒரு வாய் போட்டார். கரண்டி வாயிலேயே நின்றது.

"இது என்ன, மண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளில் இந்த மனிதர் அதை ஒரு தடவைகூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

"இதையா உன்னை இன்னொரு வாய், இன்னொரு வாய்னு படுத்தினேன்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தொண்டை வலிக்கும், வலித்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், ஆனாலும் தோள் குலுங்கியது. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட்டார். பழக்க தோஷம், நாலு வாயில் முடித்துவிட்டார். இனி என்ன செய்வது? தலையைத் தூக்கினால் அவளைப் பார்க்க வேண்டி வரும். அவர் காலிக் கிண்ணத்தைக் கரண்டியால் வழிக்க ஆரம்பித்தார். ஒன்றுமில்லாத கிண்ணம். சுற்றிச் சுற்றி வழித்து, ஒன்றுமில்லாத கரண்டியை வாயில் வைத்து, மறுபடியும் வழித்தார். அக்கா ஒரு வாய் எடுப்பாள், அதை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள், அது கரைந்து இறங்கியதும் அடுத்ததை எடுப்பாள். நடுவில் ஒரு தடவை நிறுத்திவிட்டாள். மாமாவின் கரண்டியும் நின்றது, ஆனால் தலை நிமிரவில்லை. அவருடைய காது நுனி சிவந்திருந்தது. பிறகு அக்காவின் கரண்டி மறுபடியும் கிண்ணத்தில் இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் முடிக்கும் வரைக்கும் அவர் அந்தக் காலிக் கிண்ணத்தை விடவில்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை மறைக்க நானும் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டேன்.

சனி சாயங்காலமும், ஞாயிறு, திங்கள் முழுக்கவும் அதே வேலைதான். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எல்லாக் கிண்ணமும் காலியானது என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு சாயங்காலம் பாதியோடு வைத்துவிட்டாள். அவர் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவளுக்குத் தெரியாமல்தான். ராத்திரி அவர் தூங்கின மாதிரித் தெரியவில்லை. வாசல் அறையில் காலடிச் சத்தம் போய்வந்துகொண்டே இருந்தது. அவள் முன்னால் அடக்கினதையெல்லாம் அங்கே நடந்து தீர்த்தார்.

செவ்வாய்க்கிழமை எடை பார்க்கிற அறைக்குள் அவர் வரவில்லை. "நீ கூட்டிட்டுப் போ. நான் வந்தா அவ எடை மெஷினைப் பார்க்கமாட்டா, என்னைத்தான் பார்ப்பா" என்றார். நீளமான வராந்தாவில் சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றுக்கு முன்னால் போய்வந்துகொண்டிருந்தவரை விட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். எண் ஆடி ஆடி நின்றது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், திரும்ப அதைப் பார்த்தார். என் கால் தானாகத் தரையை மிதித்தது. என் பக்கத்தில் மிதிக்க ஒரு பிரேக்கும் இல்லை.

"ஏறலை" என்றார்.

அக்கா இறங்காமல் அதன்மேலேயே நின்றாள்.

"ஆனா இறங்கவும் இல்லை. இந்த வாரம் குழாய் வேண்டாம். என்ன சாப்பிட்டீங்களோ அதையே சாப்பிடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இந்த வாரம் எங்களுடையது. மாமாவிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

வராந்தாவில் அவர் நடமாட்டம் இல்லை. கடைசி நாற்காலியில், தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் அக்காவின் கைப்பை. அதன் பட்டையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது, அவர் அசையவில்லை. நான் தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

அக்கா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள்.

"எழுப்பாதே."

"சொல்ல வேண்டாமா அக்கா? கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாரு."

"அப்புறம் சொல்லிக்கலாம்."

அவள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடியில் நரை, கண்ணுக்குக் கீழே கருப்பு, மூச்சு ஏறி இறங்குகிற தொண்டை. யாரும் தன்னைப் பார்ப்பது தெரியாமல் அவர் நன்றாகத் தூங்கினார்.

"எவ்வளவு நேரம்க்கா இப்படியே?" என்றேன்.

"அவரா எழுந்திருக்கிற வரைக்கும்" என்றாள்.